அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பக் கட்டுரை: எதைப் பற்றி எழுதுவது என்று முடிவு செய்வது எப்படி

அமெரிக்கக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்கு காமன் ஆப் (பல கல்லூரிகளுக்கு ஒரே விண்ணப்பத்தை அனுப்பும் இணையத்தளம்) வழியாக விண்ணப்பிக்கும் மாணவர் தன்னைப் பற்றி ஒரு முதன்மைக் கட்டுரை எழுத வேண்டும். அதற்கு உச்ச வரம்பு 650 சொற்கள். 250க்குக் கீழே போனால் தளம் ஏற்காது. பல வாரங்கள் உட்கார்ந்தும் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாமல் தவிக்கும் மாணவர்களில் பலருக்கு ஆங்கிலம் ஒரு தடையே இல்லை. விஷயத்தைத் தவறாகப் பிடித்துவிட்டு, அதை மொழியால் தூக்கி நிறுத்தப் பார்க்கிறார்கள். அப்படித் தூக்கி நிறுத்த முடியாது. அதனால் எழுத ஆரம்பிக்கும் முன் விஷயத்தைத் தேடுவதற்கென்றே ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். முதுநிலைப் படிப்புக்கு எழுதும் எஸ்ஓபி, அதாவது படிப்பின் நோக்கத்தைச் சொல்லும் கட்டுரை (Statement of Purpose), நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அக்காவோ அத்தை மகனோ எம்.எஸ். படிக்கப் போனபோது எழுதிய எஸ்ஓபியை மாதிரியாக வைத்துக்கொண்டு பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் எழுத உட்காருவது அடிக்கடி நடக்கிறது. எஸ்ஓபி கேட்பது இந்தத் துறையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள், இங்கே எதை ஆராயப் போகிறீர்கள் என்பதை. இளநிலைக் கட்டுரை அதைக் கேட்கவில்லை. இந்தப் பிள்ளை எப்படி யோசிக்கிறது, எதைக் கவனிக்கிறது, ஒரு காரியம் கைமீறிப் போனால் என்ன செய்கிறது என்பதைத்தான் அது பார்க்கிறது. "சிறு வயதிலிருந்தே எனக்கு கம்ப்யூட்டர் மீது ஆர்வம்" என்று ஆரம்பிக்கும் கட்டுரைகள் பெரும்பாலும் இந்தக் குழப்பத்தில் பிறந்தவை.

விண்ணப்பத்தைப் படிக்கும் கல்லூரி அதிகாரியின் கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். மதிப்பெண் பட்டியல் இருக்கிறது. ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள் இருக்கின்றன. பத்து செயல்பாடுகள் வரை குறிப்பிடும் ஒரு பட்டியல் இருக்கிறது. ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள் கிடைக்கும். பரிசுகளுக்குத் தனியாக ஐந்து இடம். இவற்றில் ஒருமுறை சொன்னதையே கட்டுரையில் வாக்கியங்களாக விரித்து எழுதினால், உங்களைப் பற்றிப் புதிதாக ஒன்றைச் சொல்லக் கிடைத்த ஒரே பெரிய இடம் வீணாகிறது.

யாரும் சொல்லாமல் செய்தது

நல்ல விஷயம் எங்கே கிடைக்கும் என்று கேட்டால் ஒரே இடத்தைக் காட்டலாம்: யாரும் சொல்லாமல், மதிப்பெண்ணுக்கோ சான்றிதழுக்கோ இல்லாமல், நீங்களாகச் செய்த காரியங்கள். பள்ளி சொல்லிச் செய்ததும் பெற்றோர் சேர்த்துவிட்டதால் செய்ததும் உங்களோடு இன்னும் நூறு பேர் செய்தவை. நீங்களாகச் செய்ததில்தான் உங்கள் புத்தி எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது தெரியும். அது மிகச் சின்னதாக இருக்கலாம், இருப்பது நல்லதும்கூட. 650 சொற்களுக்குள் ஒரு சின்ன விஷயத்தை முழுசாகச் சொல்லிவிட முடியும். பெரிய விஷயம் என்றால் அதன் தலைப்புச் செய்தியைச் சொல்லத்தான் இடம் இருக்கும்.

தேடலை மூன்று அமர்வுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மூன்றையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். நடுவில் ஓர் இரவாவது போனால்தான் மறந்து கிடப்பவை மேலே வரும்.

முதல் அமர்வு 40 நிமிடம். காகிதத்தில் இருபது வரிகள் எழுத வேண்டும், நல்லது கெட்டது பார்க்காமல். முதல் எட்டு வரிகளில் எல்லோருக்கும் வருவதே வரும்: போட்டி, பரிசு, தலைவர் பதவி, பாட்டியின் மரணம். பன்னிரண்டைத் தாண்டும்போது கை தயங்கும். உருப்படியானது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வருகிறது, அதனால் இருபதுக்கு முன் நிறுத்தாதீர்கள். கை நின்றுபோனால் இந்தக் கேள்விகளைப் பாருங்கள்:

- வீட்டில் எது புரியாமல் போனால், எது ஓடாமல் நின்றால் உங்களைக் கூப்பிடுகிறார்கள்?
- பாடத்தில் இல்லாத எதை ராத்திரி கண்விழித்துத் தேடினீர்கள்? பிரவுசரில் கடந்த மூன்று மாத வரலாற்றைத் திறந்து பாருங்கள்.
- யாருடனாவது கடுமையாக வாதாடிவிட்டு, பிறகு அவர் சொன்னதுதான் சரி என்று மனம் மாறியதுண்டா?
- மற்றவர்கள் சலிப்பு என்று தள்ளும் எந்த வேலையில் உங்களுக்கு நேரம் போவதே தெரிவதில்லை?
- எதைப் பாதியில் விட்டது இன்னும் உறுத்துகிறது?
- போன் கேலரியில் மனிதர்களே இல்லாத படங்கள் எவை? அவற்றை ஏன் எடுத்தீர்கள்?

கடைசிக் கேள்வி விளையாட்டாகத் தோன்றும். ஆனால் அது நினைவை நம்பாமல் சான்றைத் தருகிறது. ஒருவர் தன் கவனம் எங்கே போகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பதும் அது உண்மையில் போகும் இடமும் பெரும்பாலும் வேறு வேறு.

இரண்டாம் அமர்வில், மறுநாள், ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று கட்டம் போடுங்கள்: நடந்தது என்ன, நான் செய்தது என்ன, இப்போது நான் வேறு மாதிரி செய்வது என்ன. நடுக்கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லை என்றால் அந்த வரியை அடித்துவிடலாம். அங்கே நீங்கள் பார்வையாளராக மட்டும் இருந்திருக்கிறீர்கள். மூன்றாம் கட்டத்தில் "விடாமுயற்சியின் அருமை புரிந்தது" போன்ற ஒன்றுதான் வருகிறது என்றால் சந்தேகப்படுங்கள். அதில் மாற்றம் எதுவும் இல்லை, பாடம் கற்றதாக ஓர் அறிவிப்புதான் இருக்கிறது. "இப்போதெல்லாம் குழு வேலையில் முதல் பத்து நிமிடம் நான் வாயைத் திறப்பதில்லை" என்பது மாற்றம், ஏனென்றால் பக்கத்தில் இருப்பவர் அதைப் பார்க்க முடியும். இப்படி வடிகட்டியதில் இருபதில் நான்கைந்து மிஞ்சினாலே போதும்.

மூன்றாம் அமர்வு: மிஞ்சியதில் மூன்றை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம், கையை நிறுத்தாமல் எழுதுங்கள். தமிழில் எழுதலாம், கலந்தும் எழுதலாம். நடந்தது எந்த மொழியில் நடந்ததோ அந்த மொழியில்தான் நுணுக்கங்கள் ஞாபகம் வரும். ஆங்கிலத்தில் ஆரம்பித்தால் அறிக்கை நடை வந்து ஒட்டிக்கொள்ளும். முடித்ததும், அந்த இடத்தில் இருந்தவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய விவரங்களுக்கு அடிக்கோடு போடுங்கள்: ஒரு எண், ஒருவர் சொன்ன வாக்கியம், ஒரு தவறு, ஒரு சத்தம். பத்து நிமிட எழுத்தில் ஐந்து அடிக்கோடு கூட விழவில்லை என்றால் அந்த விஷயத்தில் சரக்கு இல்லை, அல்லது உங்களுக்கு அது போதுமான அளவு நினைவில் இல்லை. எதுவானாலும் 650 சொற்களைத் தாங்காது.

ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம்

ஒரு மாணவரின் பட்டியலில் பதினாலாவது வரியில் "தாத்தாவின் மாத்திரை டப்பாக்கள்" என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்வை மங்கிய தாத்தா காலை மாத்திரையையும் இரவு மாத்திரையையும் மாற்றிப் போட்டுவிடுகிறார். மாணவர் டப்பாக்களில் பெரிய எழுத்தில் சீட்டு ஒட்டுகிறார். பயன் இல்லை. ரப்பர் பேண்ட் போடுகிறார்: காலைக்கு ஒன்று, மதியத்துக்கு இரண்டு, இரவுக்கு மூன்று. தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்பது கணக்கு. ஒரு வாரம் ஓடுகிறது. பிறகு பார்த்தால் மூன்று பேண்ட் இருந்த டப்பாவில் இரண்டுதான் இருக்கிறது. செய்தித்தாளைச் சுருட்டிக் கட்ட ஒன்றைத் தாத்தாவே கழற்றி எடுத்திருக்கிறார். எரிச்சலோடு விசாரித்தபோது அவர் சொல்கிறார்: "எனக்கு எழுத்துதாம்ப்பா தெரியல, கலர் நல்லாத் தெரியுது. நீ கேக்கவே இல்லையே." கடைசியில் மூடிகளுக்கு நெயில் பாலிஷ் தடவியதோடு பிரச்சினை தீர்கிறது.

இந்த மாணவர் முதலில் தன் விஷயத்தை "தாத்தா மீது எனக்குள்ள பாசம்" என்றுதான் சொல்லிக்கொள்வார். அப்படி எழுதினால் கட்டுரை முழுக்கத் தாத்தா நல்லவராக இருப்பார், மாணவர் காணாமல் போவார். அதே நிகழ்ச்சியை "யாருக்காகச் செய்கிறேனோ அவரிடம் கேட்காமலே இரண்டு முறை தீர்வு கண்டுபிடித்தேன்" என்று பிடித்தால் எல்லாம் மாறுகிறது. மாணவரின் தவறு நடுவுக்கு வருகிறது. சீட்டு, ரப்பர் பேண்ட், நெயில் பாலிஷ் என்று அவர் புத்தி வேலை செய்யும் வரிசை தெரிகிறது. பள்ளிக்கு ஒரு ஆப் எழுதியபோது நிரல் எழுதும் முன் மூன்று ஜூனியர்களிடம் போய்ப் பேசியதை மூன்றாம் கட்டத்தில் போட முடிகிறது. விஷயத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதில் பாதி வேலை இந்தக் கோணத்தைத் தேர்ந்தெடுப்பதுதான். நிகழ்ச்சியைச் சொல்லிவிட்டு, "இதில் நான் எதைத் தவறாக நினைத்திருந்தேன்?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் கோணம் கிடைத்துவிட்டது.

650க்குள் அடங்குமா என்பதையும் இப்போதே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆரம்பக் காட்சிக்கு 120 சொல், பின்னணிக்கு 80, செய்ததும் தோற்றதும் மறுபடி செய்ததும் 250, அதைப் பற்றி யோசித்தது 120, இப்போதைய நிலை 80. மொத்தம் 650. இது வாய்ப்பாடு இல்லை, கொள்ளளவு பார்க்கும் ஒரு கணக்கு. உங்கள் விஷயத்துக்குப் பின்னணி விளக்கவே 200 சொல் ஆகிறது, அல்லது நான்கு பேரை அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறது என்றால் அது வேறொரு இடத்துக்கான விஷயம்.

கேள்வியைக் கடைசியில் பாருங்கள்

காமன் ஆப் ஏழு கேள்விகள் தருகிறது, அவற்றில் ஒன்றுக்கு எழுத வேண்டும். பின்னணி அல்லது அடையாளம், சந்தித்த தடை, கேள்விக்குள்ளாக்கிய நம்பிக்கை, எதிர்பாராத விதத்தில் நன்றி உணர வைத்த செயல், வளர்ச்சியைத் தூண்டிய நிகழ்ச்சி, நேரம் மறக்க வைக்கும் ஆர்வம், கடைசியாக உங்கள் விருப்பப்படி எந்தத் தலைப்பும். ஏழாவது இருப்பதால் எந்த நல்ல விஷயமும் வெளியே நிற்காது. ஆகவே கேள்வியைப் படித்துவிட்டு விஷயம் தேடாதீர்கள். அப்படித் தேடினால் "தடை" என்ற சொல்லைப் பார்த்ததும் வாழ்க்கையில் இல்லாத தடையைத் தோண்ட ஆரம்பிப்பீர்கள். மேலே சொன்ன மாத்திரை டப்பா இரண்டாம், ஐந்தாம், ஏழாம் கேள்வி மூன்றுக்குமே பொருந்தும்.

வழுக்கும் இடங்கள்

விளையாட்டில் அடிபட்டு மீண்டு வந்தது, தொண்டுப் பயணத்தில் ஏழைக் குழந்தைகளைப் பார்த்து மனம் உருகியது, ரோபோட்டிக்ஸ் போட்டியில் கடைசி நிமிடத்தில் வென்றது, புது நாட்டில் மொழி தெரியாமல் தவித்துப் பிறகு பழகியது. இவை தடை செய்யப்பட்ட விஷயங்கள் அல்ல. சிக்கல் என்னவென்றால், முதல் பத்தியிலேயே கடைசிப் பத்தி தெரிந்துவிடுகிறது. ஒரு நாளில் கட்டுக்கட்டாகப் படிப்பவருக்கு, முடிவு தெரிந்த கட்டுரையை வரி வரியாகப் படிக்கக் காரணம் இல்லை. உங்களுக்கு உண்மையிலேயே அதுதான் முக்கியம் என்றால், எல்லோரும் எழுதும் உச்சக்கட்டத்தை விட்டுவிட்டு நடுவில் கிடப்பதை எடுங்கள். முட்டி விலகி ஆறு வாரம் பெஞ்சில் உட்கார்ந்தவர், அந்த ஆறு வாரமும் எதிரணி எங்கே பந்தை இழக்கிறது என்று நோட்டில் குறித்து வைத்திருந்தால் கட்டுரை அந்த நோட்டுதான். மைதானத்துக்குத் திரும்பிய நாள் இரண்டு வரியில் போகட்டும்.

தொண்டுப் பயணக் கட்டுரையில் வேறொரு ஆபத்தும் உண்டு. அங்கே இருக்கும் மனிதர்கள் எழுதுபவருக்குப் பாடம் கற்பிக்க மட்டுமே வந்தவர்களைப் போல ஆகிவிடுகிறார்கள். அதில் ஒருவரின் பெயரோ, அவர் சொன்ன ஒரு வாக்கியமோ உங்களுக்கு நினைவில் இல்லை என்றால் அதை எழுதாதீர்கள்.

பாட்டி, அப்பா, ஆசிரியர் போன்ற பெரிய மனிதர்களைப் பற்றி எழுத ஆசையிருந்தால் வரைவில் "நான்" செய்யும் வினைகளை எண்ணுங்கள். பாதிக்கு மேல் அவர்களுடைய வினைகள் என்றால் கல்லூரி அவர்களைத்தான் சேர்த்துக்கொள்ளும்.

அடையாளத்தைப் பற்றி எழுதுவது குறித்து ஒரு குறிப்பு. 2023 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கல்லூரிச் சேர்க்கையில் இனத்தை ஒரு காரணியாகக் கொள்வதைத் தடுத்தது. ஆனால் இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று மாணவர் எழுதுவதைக் கல்லூரி கருத்தில் கொள்ளத் தடையில்லை என்றும், அது தனி மனிதராக அவர் அனுபவத்தோடும் திறனோடும் சேர்ந்திருக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. நடைமுறையில் இதன் பொருள் எளிது: எந்தச் சமூகம் என்று சொல்லி நிறுத்தினால் போதாது, அதனால் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது வேண்டும். மேலே போட்ட நடுக்கட்டம் இங்கேயும் பொருந்துகிறது.

கனமான விஷயங்கள்

மனநலச் சிக்கல், வீட்டில் நோய், பிரிவு, இழப்பு. இவற்றை எழுதக் கூடாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எழுதியே ஆக வேண்டும் என்று சொன்னாலும் நம்ப வேண்டாம். வேதனையைக் காட்டினால்தான் இடம் கிடைக்கும் என்ற பேச்சு மாணவர்களைப் பெரிதும் வாட்டுகிறது. அமைதியான வாழ்க்கை வாழ்ந்தவருக்கும் எழுத விஷயம் உண்டு.

முடிவு செய்ய மூன்றைப் பாருங்கள். அந்த நிகழ்ச்சியை முன்பின் தெரியாத ஒருவருக்கு நேரில் சொல்ல உங்களால் முடியுமா? இன்னும் அதன் நடுவில் இருப்பவரால் அதைத் தள்ளி நின்று பார்க்க முடியாது, எழுதுவதும் உடம்பையும் மனதையும் வருத்தும். அடுத்தது, நடந்ததைச் சொல்ல மூன்றில் ஒரு பங்கு போதுமா, மீதி நீங்கள் செய்ததற்கும் யோசித்ததற்கும் இருக்குமா? மூன்றாவது, இதில் வேறொருவரின் அந்தரங்கம் இருக்கிறதா? தம்பியின் நோயைப் பற்றி எழுதுவதென்றால் தம்பியிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

இதற்கெல்லாம் வேறு இடமும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் சூழ்நிலையும் சவால்களும் பற்றிச் சொல்ல காமன் ஆப்பில் 250 சொற்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. கூடுதல் தகவலுக்கு இன்னொரு பகுதி. 2025-26 ஆண்டிலிருந்து அதன் வரம்பு 650இலிருந்து 300 சொல்லாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் மதிப்பெண் ஏன் சரிந்தது என்பதை நேரடியாக, நாள் குறிப்போடு, அங்கே எழுதிவிடலாம். முதன்மைக் கட்டுரை அப்போது வேறொன்றுக்கு விடுபடும்.

யாரிடம் கேட்பது

மிஞ்சியிருக்கும் இரண்டு மூன்று விஷயங்களை உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவரிடமும் அவ்வளவாகத் தெரியாத ஒருவரிடமும் வாயால் சொல்லுங்கள். வரைவைக் கொடுக்காதீர்கள், கொடுத்தால் இலக்கணம் திருத்துவார்கள். தெரிந்தவர் "ஆமாம், நீ அப்படித்தான்" என்று சொல்கிறாரா பாருங்கள். தெரியாதவர் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்கிறாரா பாருங்கள். இரண்டும் நடந்தால் அதுவே விஷயம். "ரொம்ப இன்ஸ்பைரிங்கா இருக்கு" என்றால் அவர் மரியாதைக்குச் சொல்கிறார்.

பெற்றோர் பெரும்பாலும் சாதனையை எழுதச் சொல்வார்கள். பிள்ளை உழைத்தது வெளியே தெரியாமல் போய்விடுமோ என்ற கவலை அது, நியாயமானதும்கூட. செயல்பாட்டுப் பட்டியலையும் பரிசுப் பட்டியலையும் முதலில் நிரப்பி அவர்களுக்குக் காட்டிவிடுங்கள். சாதனைகள் அங்கே பத்திரமாக இருப்பதைப் பார்த்தபின் அந்தப் பேச்சு அநேகமாக அடங்கும்.

ஏஐ கருவியிடம் விஷயம் கேட்பதால் வரும் நஷ்டத்தையும் சொல்லியாக வேண்டும். அதற்கு உங்கள் பதினாலாவது வரி தெரியாது. எல்லோருக்கும் தரும் முதல் எட்டு வரிகளைத்தான் உங்களுக்கும் தரும். அதன் வெளியீட்டைத் தன் சொந்தப் படைப்பாகக் கொடுப்பதை காமன் ஆப் மோசடி என்றே தன் விதிகளில் வகைப்படுத்துகிறது.

எல்லா விண்ணப்பமும் ஒன்றல்ல

கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழுமம் காமன் ஆப்பில் இல்லை. அதன் சொந்த விண்ணப்பத்தில் எட்டுக் கேள்விகளில் நான்கைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்குள் பதில் எழுத வேண்டும். அங்கே காட்சி வர்ணனைக்கு இடம் குறைவு. செய்தது, ஏன் செய்தது, விளைவு என்று நேராகப் போக வேண்டும். நான்கு பதில்களிலும் உங்கள் இயல்பின் நான்கு வெவ்வேறு பக்கங்கள் தெரிய வேண்டும். எம்ஐடியும் தன் சொந்த விண்ணப்பத்தில் நீண்ட கட்டுரைக்குப் பதில் சில சிறு கேள்விகளைக் கேட்கிறது. பிரிட்டனில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் தளமான யூகாஸ் கேட்கும் கட்டுரை முற்றிலும் வேறு. 2026 சேர்க்கையிலிருந்து அது மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மொத்தம் 4,000 எழுத்துகள், பதில் ஒன்றுக்குக் குறைந்தது 350. அங்கே பாடத்தின் மீதுள்ள ஆர்வமும் அதற்கான தயாரிப்பும்தான் பேச்சு, மாத்திரை டப்பா அங்கே செல்லாது.

காமன் ஆப் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 அன்று புதிய ஆண்டுக்குத் திறக்கும். முன்கூட்டிய விண்ணப்பங்களுக்குப் பல கல்லூரிகளில் நவம்பர் 1 கடைசி நாள், வழக்கமான சுற்றுக்கு ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி. விஷயத்தை ஜூலைக்குள் முடிவு செய்துவிட்டால் ஆகஸ்ட் முழுக்க எழுதவும் திருத்தவும் கிடைக்கும். செப்டம்பரில் பள்ளித் தேர்வுகளோடு கல்லூரிக்குக் கல்லூரி கேட்கும் துணைக் கட்டுரைகளும் சேர்ந்துகொள்ளும்.

கடைசியில் இரண்டு விஷயங்கள் சமமாக நின்றால், இரண்டுக்கும் முதல் 150 சொல்லை எழுதிப் பாருங்கள். இரண்டாம் வாக்கியத்துக்கு எது தானாக வந்ததோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதைக் கிழித்துப் போட வேண்டாம், இருபது வரிப் பட்டியலையும் பத்திரப்படுத்துங்கள். துணைக் கட்டுரைகளில் உங்கள் சமூகம், உங்கள் ஆர்வம், கருத்து வேறுபட்ட ஒருவரோடு பழகியது என்று 100 முதல் 300 சொல் வரை கேட்பார்கள். தள்ளி வைத்த வரிகளுக்கு அங்கே வேலை இருக்கும்.